எடிட்டர் வேறு ஊரில் இருக்கும்போது

பாட்காஸ்ட் என்ற இணைய ஒலி நிகழ்ச்சிக்காகப் பதிவான பேச்சை வெட்டிச் சீராக்கும் எடிட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வேலை எளிது. திரையில் விரலை வைத்து "இங்கிருந்து இதுவரை எடுத்திடுங்க" என்றால் முடிந்தது. அவர் மதுரையிலும் நீங்கள் சென்னையிலும் இருந்தால், அல்லது அவர் டொராண்டோவில் இருந்தால், அந்த விரல் இல்லை. விரல் செய்த வேலையை ஃபைல் பெயரும், நேரக்குறிப்பும், இரண்டு வரிக் கடிதமும் செய்யவேண்டியிருக்கிறது. தொலைவில் இருக்கும் எடிட்டரோடு வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை அவருடைய திறமையால் வருவதில்லை. சொல்லாமல் விட்டதால் வருகின்றன, அல்லது கெட்டுப்போன ஒலியைக் கொடுத்துவிட்டு அற்புதம் எதிர்பார்த்ததால் வருகின்றன.

இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

எடிட்டர் கைக்கு என்ன போகிறது

ஆளுக்கொரு ட்ராக், அதாவது ஒவ்வொருவர் குரலும் தனித்தனி ஃபைலில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இருவர் குரலும் ஒரே ஃபைலில் கலந்திருந்தால், விருந்தினர் பேசும்போது நீங்கள் இருமியதை எடுக்க முடியாது. அவர் குரல் சின்னதாகவும் உங்கள் குரல் பெரிதாகவும் இருந்தால் தனித்தனியாகச் சரிசெய்யவும் முடியாது. ஜூமில் பேசுகிறீர்கள் என்றால், கணினியிலேயே சேமிக்கும் ரெக்கார்டிங்குக்கான அமைப்பில் ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ ஃபைல் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை முன்கூட்டியே போட்டு வையுங்கள். ஆனாலும் ஜூம் ட்ராக் என்பது இணையம் வழியாக நசுங்கி வந்த ஒலிதான். நெட் தடுமாறிய நொடியில் சொல் உடைந்திருந்தால் அந்தச் சொல் எங்குமே கிடையாது.

அதனால் அவரவர் குரலை அவரவர் இடத்திலேயே பதிவு செய்வது நல்லது. ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்ற தளங்கள் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொருவர் கணினியிலும் பதிவாகி, பிறகு மேலே ஏறும். இதில் வரும் பொதுவான விபத்து ஒன்று: பேச்சு முடிந்ததும் விருந்தினர் "சரிங்க, பார்ப்போம்" என்று பிரவுசரை மூடிவிடுவார். அப்லோடு 100 சதவீதம் ஆவதற்குள் மூடினால் கடைசிப் பகுதி அவர் கணினியிலேயே தங்கிவிடும். விடைபெற்ற பிறகும் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். ஊர்க்கதை எதையாவது கேளுங்கள், அதற்குள் ஏறிவிடும்.

விருந்தினரிடம் கணினி இல்லை, போன்தான் என்றால் இரண்டு போன் வழி நன்றாகவே வேலை செய்யும். ஒன்றில் இயர்போன் மாட்டி உங்களோடு அழைப்பில் இருப்பார். மற்றொன்றில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், துணி விரித்த மேசைமேல் வைப்பார். அழைப்பில் இருக்கும் போனிலேயே ரெக்கார்டரையும் ஓடவிடலாம் என்று நம்பக்கூடாது. பெரும்பாலான போன்கள் அப்போது மைக்கை ரெக்கார்டருக்குத் தருவதில்லை. ஐபோனின் வாய்ஸ் மெமோவில் ஆடியோ தரத்தை லாஸ்லெஸ் (தரம் குறையாதது) என்று மாற்றிக்கொள்ளலாம். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட் ஆக இணைக்கச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும். "வாய்ஸ் நோட்டா அனுப்பிடட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம்.

வடிவம் வேவ் (நசுக்காத ஒலி ஃபைல்), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒரே சேனல்). ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரம் சுமார் 518 எம்பி ஆகும். இருவர் என்றால் ஒரு ஜிபியை ஒட்டி வரும். 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் அது ஏற 14 நிமிடம் போதும். எம்பி3 ஆக்கி அனுப்பி இடத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை, கடைசியில் எப்படியும் ஒருமுறை நசுங்கத்தான் போகிறது. இடம்தான் பிரச்சினை என்றால் ஃபிளாக் வடிவத்தில் அனுப்புங்கள். அளவு ஏறக்குறைய பாதியாகும், தரம் துளியும் குறையாது.

எல்லோரும் ஒரே சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண், மேலே சொன்ன 48 கிலோஹெர்ட்ஸ்) இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 44.1 என்று நினைத்து மென்பொருள் திறந்தால் 60 நிமிடப் பேச்சு 65 நிமிடம் 18 நொடியாக நீளும், குரலும் கனத்துவிடும். இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் தாமே மாற்றிக்கொள்கின்றன என்றாலும், விருந்தினர் குரல் "ஏதோ தூக்கக் கலக்கமா இருக்கே" என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சத்த அளவு விஷயத்தில் பயம் தலைகீழாக இருக்கிறது. சத்தம் குறைவாகப் பதிவாகிவிடுமோ என்று எல்லோரும் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றுகிறார்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிவானதை உயர்த்துவது ஒரு நிமிட வேலை. உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை முழுதாக மீட்க யாராலும் முடியாது. சாதாரணப் பேச்சின் உச்சி -12 டெசிபல் பக்கம் நிற்கட்டும் (0 தான் வெட்டுப்படும் எல்லை). சிரித்தால் ஏறத்தான் செய்யும், அதற்குத்தான் அந்த இடைவெளி.

மைக் எது என்ற கேள்விக்கு இங்கே அதிக இடம் தரத் தேவையில்லை. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் மாதிரி யுஎஸ்பியிலும் எக்ஸ்எல்ஆரிலும் (ஸ்டுடியோக் கருவிகளுக்கான மைக் இணைப்பு) இயங்கும் டைனமிக் மைக் ஒன்று போதும், வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி. நம்மூர் வீடுகளின் மொசைக் தரை, டைல்ஸ், வெறும் சுவர் எல்லாவற்றுக்கும் கண்டென்சர் மைக்கைவிட இதுவே நல்லது, அறையின் எதிரொலியைக் குறைவாக எடுக்கும். புளூடூத் இயர்போன் மைக் மட்டும் வேண்டவே வேண்டாம். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அது தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். இன்னொன்று, நல்ல மைக்கை மேசையில் வைத்துவிட்டு மென்பொருளில் லேப்டாப் மைக்கைத் தேர்ந்திருப்பது. அடிக்கடி நடக்கிறது. தொடங்கும் முன் மைக்கின் வலையை நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டல் சத்தம் பெரிதாகக் கேட்டால் அதுதான் மைக்.

மின்விசிறி, குக்கர், இன்வெர்ட்டர்

சீராக ஓடும் ஏசியின் இரைச்சலை எடிட்டர் ஓரளவு சுத்தமாக எடுத்துவிடுவார். சீலிங் ஃபேன் அப்படியில்லை. இறக்கை சுற்றச் சுற்ற இரைச்சல் ஏறி இறங்கும், காற்று மைக்கில் மோதும், சில அறைகளில் குரலே லேசாக நடுங்குவதுபோல் பதிவாகும். சத்தம் நீக்கும் கருவிகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான் கஷ்டம். ஃபேனை நிறுத்துங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை மாதத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். அதிகாலையில் பதிவு வைப்பது இன்னும் உத்தமம்.

குக்கர் விசில், காய்கறி வண்டி ஒலிபெருக்கி, காக்கை எல்லாவற்றுக்கும் ஒரே விதி: பேசுவதை நிறுத்துங்கள், சத்தம் போகட்டும், சொன்ன வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். பாதிச் சொல்லிலிருந்து தொடர்ந்தால் குரலின் ஏற்றம் பொருந்தாது, ஒட்டுப் போட்ட இடம் தெரியும்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளில் இது அதிகம். மின்சார ரீங்காரம் இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உட்காரும், கனடாவில் 60. விருந்தினர் எந்த நாட்டில் இருந்து பேசினார் என்று எடிட்டருக்கு எழுதிவிட்டால் அவர் தேட வேண்டியதில்லை.

பேச்சைத் தொடங்கும் முன் 30 நொடி எல்லோரும் வாய்மூடி இருங்கள். அறையின் மௌனம் பதிவாகட்டும். பிறகு எங்கே ஒரு வாக்கியத்தை எடுத்தாலும் அந்த ஓட்டையை இதை வைத்துத்தான் எடிட்டர் அடைப்பார். முழு அமைதியை வைத்து அடைத்தால் இயர்போனில் கேட்பவருக்குக் காதுக்குள் திடீரென்று ஒரு குழி விழுந்ததுபோல் இருக்கும்.

ட்ராக்குகளைப் பொருத்துவது

தனித்தனியாகப் பதிவான ஃபைல்கள் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இருவரும் கைதட்டுவது பழைய வழக்கம். ஒரே அறையில் அது சரி. இணைய அழைப்பில் உங்கள் "மூணு" அவருக்குத் தாமதமாகப் போகிறது, அவர் தட்டுவது இன்னும் தாமதமாகத் திரும்பி வருகிறது. அதனால் கைதட்டலை ஒரு தோராயமான அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எடிட்டருக்கு உண்மையில் உதவுவது அழைப்பையே பதிவு செய்த கலவை ஃபைல். தரம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, யார் எப்போது பேசினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நல்ல ட்ராக் ஏதாவது பழுதானால் அவசரத்துக்கு அதுவே கைகொடுக்கும்.

தொடக்கத்தில் பொருத்தினாலும் போகப்போக விலகும். ஒவ்வொரு கருவியின் உள்கடிகாரமும் கொஞ்சம் வித்தியாசமாக ஓடுகிறது. லட்சத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேர முடிவில் 0.18 நொடி விலகிவிடும். கேட்பவருக்கு விருந்தினர் ஒவ்வொரு கேள்விக்கும் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதுபோலவோ, கேள்வி முடியும் முன்பே பாய்வதுபோலவோ இருக்கும். எடிட்டர் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மௌனமான இடத்தில் வெட்டி மறுபடி பொருத்துவார், அல்லது முழு ட்ராக்கையும் மயிரிழை அளவு நீட்டுவார். நீங்கள் செய்யவேண்டியது, முடியும்போதும் ஒருமுறை கைதட்டுவது. முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு ட்ராக்கிலும் ஒப்பிட்டால் விலகல் எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும்.

ஃபோல்டர்

ஒரு எபிசோடுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே நான்கு: மூலம், இசை, குறிப்புகள், வெளியீடு. ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ் எழுத்துப் பெயர்கள் ஜிப் ஆகி வேறு கணினியில் திறக்கும்போது சில சமயம் கட்டம் கட்டமாக மாறிவிடுகின்றன. எபிசோடு எண், யார் குரல், தேதி. இந்த மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும். வெட்டி வந்த வடிவங்களுக்கு 1, 2, 3 என்று எண். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று பெயர் வைக்கும் பழக்கம் ஒருநாள் தவறான ஃபைலை வெளியிட வைக்கும்.

கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாதம் நான்கு எபிசோடு என்றால் சீக்கிரம் நிறையும். லிங்க்கை அனுப்பும் முன் பிரவுசரின் மறைவுச் சாளரத்தில் (இன்காக்னிடோ) ஒருமுறை திறந்து பாருங்கள். அனுமதி கேட்டால் எடிட்டருக்கும் கேட்கும். ஒரே நாட்டில் இருந்தால் அரை மணி நேரத் தாமதம். சென்னையில் இரவு 10 மணிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினால் டொராண்டோவில் கோடைக்காலத்தில் அப்போது மதியம் 12:30. அவர் அனுமதி கேட்டு அனுப்பும் மெயில் நீங்கள் எழும்வரை காத்திருக்கும், அவருடைய வேலைநாள் அதோடு போயிற்று. அதே நேர வித்தியாசம், எல்லாம் சரியாக இருந்தால் வரம். நீங்கள் தூங்கி எழும்போது ரஃப் கட் (மெருகேற்றாத முதல் வெட்டு) வந்திருக்கும். குளிர்காலத்தில் டொராண்டோவின் கடிகாரம் ஒரு மணி பின்னே போகும், பேசிவைத்த நேரங்களை அப்போது திருத்துங்கள்.

பெரிய ஃபைலைத் தற்காலிகமாக வைத்து லிங்க் தரும் சேவைகளில் அந்த லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும். அனுப்புவதற்கு அவை சரி, சேமித்து வைப்பதற்கு அல்ல. மூல ஃபைல்கள் உங்களிடமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

எதை வெட்டுவது, எதைத் தொடக்கூடாது

இதுதான் கட்டுரையின் நடு. ஒலியைச் சுத்தம் செய்வதில் எந்த ஊர் எடிட்டரும் ஒன்றுதான். பேச்சை வெட்டுவது மொழியைப் பொறுத்தது. தமிழ்ப் பேச்சைத் தமிழ் தெரியாதவரிடமோ, தானாக வெட்டும் கருவியிடமோ கொடுத்தால் எங்கே அடிபடும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அடி வாக்கிய முடிவில். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில் வருகிறது. "அந்தப் பணத்தை அவர்தான் எடுத்தாரு" என்று கேட்டதும் வாக்கியம் முடிந்ததுபோல் இருக்கும். பேசுபவர் ஒரு மூச்சு எடுத்துவிட்டு "ன்னு நான் சொல்ல வரல" என்று முடிப்பார். அந்த மூச்சில் கத்தரி வைத்தால் ஒரு மறுப்பு குற்றச்சாட்டாகிவிடும். ஆகவே முதல் விதி: கடைசி வினைக்குப் பிறகும் இரண்டு நொடி கேட்டுவிட்டுத்தான் வெட்டவேண்டும். இதை எடிட்டருக்கு எழுத்தில் கொடுங்கள், அவர் தமிழராக இருந்தாலும்.

இரண்டாவது அடி சொல்லின் வால். பேச்சில் "வந்தான்" என்பதன் கடைசி ன் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகக் கரைகிறது. "வந்தா" என்று ள் விழுந்து முடிந்தால் அது பெண், அல்லது "வந்தால்". ஆண்பாலா பெண்பாலா என்பதே ஒரு மெல்லிய மூக்கொலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாய்ஸ் கேட் போட்டு மெல்லிய ஒலியை எல்லாம் அடைத்தாலோ, அலைவடிவம் சிறுத்த இடத்தில் வெட்டினாலோ அந்த வால் போய்விடும். சத்தம் நீக்கும் கருவியை அதிகமாகத் தேய்த்தாலும் இதுதான் முதலில் தேயும். ரஃப் கட் வந்ததும் குரல் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், "ன்", "ம்" முடிவுகள் காதில் விழுகின்றனவா என்று கேளுங்கள்.

மூன்றாவது, இரட்டை வல்லினம். "பத்து" என்று சொல்லும்போது த்து-வுக்கு முன்னால் நாக்கு அடைத்து நிற்கும் ஒரு குட்டி மௌனம் இருக்கிறது. நமக்கு அது மெய்யெழுத்து, கருவிக்கு வெறும் இடைவெளி. மௌனங்களைத் தானாகச் சுருக்கும் அமைப்பில் கால் நொடிக்கும் குறைவான அளவைக் கொடுத்தால் இதையும் சுருக்கிவிடும். "பாட்டு" "பாடு" பக்கம் சாயும், எல்லோரும் அவசரமாகப் பேசுவதுபோல் கேட்கும். முக்கால் நொடிக்கு மேற்பட்ட மௌனங்களை மட்டும், அதுவும் ஆள் கேட்டுப் பார்த்துச் சுருக்குவது நல்லது.

அடுத்தது தேய்ந்த சொற்கள். "வந்து", "அதாவது", "என்னன்னா", "ஆக்சுவலா", "இல்லையா". இவற்றைக் குறைக்கச் சொன்னால் எடிட்டர் சந்தோஷமாகக் குறைப்பார். "வந்து" எப்போதும் நிரப்புச்சொல் அல்ல, "ஊருக்கு வந்து பார்த்தா" என்பதில் அது வினை. "சின்னச் சின்ன", "போ போ", "மெல்ல மெல்ல" எல்லாம் திக்கல் அல்ல. யாழ்ப்பாணத்து விருந்தினரின் "ஓம்" என்பது ஆமாம், சென்னை எடிட்டருக்கு அது முனகலாகக் கேட்கலாம். பேச்சைத் தானாக எழுத்தாக்கி, அந்த எழுத்தைப் பார்த்து வெட்டும் மென்பொருள்கள் பேச்சுத்தமிழில் இன்னும் தடுமாறுகின்றன. எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று தேட அவற்றைப் பயன்படுத்தலாம், வெட்டும் இடத்தைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

"ம்" கொட்டுவது தனி விஷயம். விருந்தினர் பேசும்போது நீங்கள் ம், ம் என்று கொட்டிக்கொண்டே இருந்தால் எரிச்சலாக இருக்கும். தனி ட்ராக் இருப்பதால் முழுவதும் எடுத்துவிட முடியும். முழுவதும் எடுத்தால் உரையாடல் சொற்பொழிவாகிவிடும். ம் கொட்டக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை, எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே அதில்தான் வருகிறது. மூன்றில் இரண்டை எடுத்து ஒன்றை விடுங்கள், விட்டதையும் 6 டெசிபல் தாழ்த்துங்கள் என்பது பெரும்பாலும் ஒத்துவரும் கணக்கு. மூச்சுச் சத்தத்துக்கும் அப்படியே: அழிக்காமல் தாழ்த்த வேண்டும்.

நேரக்குறிப்பு எழுதுவது

குறிப்பு எந்த ஃபைலின் கடிகாரப்படி எழுதப்பட்டது என்று முதல் வரியில் சொல்லுங்கள். உங்கள் ட்ராக் அழைப்புக்கு இரண்டு நிமிடம் முன்னரே ஓடத் தொடங்கியிருந்தால், அதைப் பார்த்து எழுதிய எல்லா நேரமும் கலவை ஃபைலில் இரண்டு நிமிடம் தள்ளி நிற்கும். ஒழுங்கான வழி, எடிட்டர் முதலில் ட்ராக்குகளைப் பொருத்தி, எதையும் வெட்டாத ஒரு கலவையை அனுப்புவது. அதைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள். இப்படி:

04:12 – கடன் தள்ளுபடி பற்றிய வாக்கியம் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது இருக்கட்டும்.

18:40 முதல் 19:05 – உறவினர் பெயரும் ஊரும் வருகிறது, விருந்தினர் எடுக்கச் சொன்னார். பீப் வேண்டாம், வாக்கியத்தையே எடுங்கள். 31:20-இல் அதே பெயர் மறுபடி வருகிறது, அதையும்.

27:33 – அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு 4 நொடி மௌனம். தொடவேண்டாம்.

41:00 – "எழுபத்தெட்டில்" என்கிறார். தவறு, எண்பத்தேழு. புதிதாகப் பதிந்த வரி பிக்கப்-1 ஃபைலில்.

இவற்றில் எந்த இடம், என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. "நடுவுல கொஞ்சம் இழுக்குது" என்று எழுதினால் எடிட்டர் தனக்கு இழுப்பதாகத் தோன்றியதை எடுப்பார், அது உங்களுக்குப் பிடித்த இடமாக இருக்கும்.

பதிவின்போதே அடையாளம் வைக்கலாம். தவறிய இடத்தில் ஒருமுறை கைதட்டினால் அலைவடிவத்தில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். எடிட்டர் அந்த ஊசிகளைத் தேடிப் போவார். ஒரு தட்டல் "சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்", இரண்டு தட்டல் "இந்தப் பகுதியே வேண்டாம்" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பிக்கப் வரிகளைப் பதியும்போது அதே மைக், அதே அறை, அதே தூரம். முந்தின வாக்கியத்தை இயர்போனில் கேட்டுவிட்டு அதன் வேகத்தில் சொல்லுங்கள். மாலையில் பதிந்த எபிசோடுக்குக் காலையில் எழுந்ததும் பிக்கப் சொன்னால் குரல் கட்டையாக இருக்கும், எந்த ஈக்யூவாலும் (குரலின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) அதை முழுதாக மறைக்க முடியாது.

வரிசை மாறக்கூடாது

முதலில் உள்ளடக்க வெட்டு. எது இருக்கிறது, எது போகிறது, எது முன்னே வருகிறது. அது முடிவான பிறகே சுத்தம், ஈக்யூ, இசை. இசை சேர்த்து மெருகேற்றிய பிறகு "அந்த ஏழாவது நிமிடத்தை முன்னாடி கொண்டுவரலாமா?" என்று கேட்டால் எடிட்டர் இரண்டு முறை வேலை செய்ய வேண்டும், இரண்டாவது முறைக்குப் பணமும் கேட்பார், நியாயமாகவே. ரஃப் கட்டுக்கு ஒரு சுற்று, மெருகேற்றியதற்கு ஒரு சுற்று. இரண்டு போதும். குழுவில் மூன்று பேர் இருந்தால் மூவர் கருத்தும் ஒரே தாளில், ஒருவர் கையால் போகட்டும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போனால் ஒருவர் எடுக்கச் சொன்னதை இன்னொருவர் வைக்கச் சொல்லியிருப்பார். இரண்டாம் வடிவத்துக்கு எழுதும் குறிப்பில் வடிவ எண்ணைப் போடுங்கள், வெட்டிய பிறகு நேரங்கள் எல்லாம் நகர்ந்திருக்கும்.

மெருகேற்றும் கட்டத்தில் எடிட்டர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் பேச எளிது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கழிப்பார், மேசை அதிர்வும் வண்டி உறுமலும் அங்கேதான். ஏறிய சத்தத்தைத் தணிக்கும் கம்ப்ரஸரை 3:1 அளவில் வைத்து, உச்சியை 3 முதல் 6 டெசிபல் அமுக்குவார். "ஸ்" கூசினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தணிப்பார். பின்னணி இசை குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு "இசை போதல" என்று ஏற்றச் சொல்லிவிடாதீர்கள், பேருந்தில் இயர்போனில் கேட்டால் குரலை மூழ்கடிக்கும்.

மொத்தச் சத்த அளவுக்கு ஆப்பிள் பாட்காஸ்ட் சொல்வது -16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்), ஒன்று கூடக் குறைய, உச்சி -1 டெசிபலைத் தாண்டாமல். ஸ்பாட்டிஃபை -14 என்கிறது. -16-இல் முடித்தால் எங்கும் சங்கடம் இல்லை. எடிட்டர் மோனோ ஃபைல் அனுப்பி அளவு -19 என்று எழுதியிருந்தால் தவறு என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே சேனல் என்பதால் மீட்டர் 3 குறைத்துக் காட்டுகிறது, காதுக்கு இரண்டும் ஒன்றே. வெளியீட்டு ஃபைல் எம்பி3, ஸ்டீரியோ என்றால் 128 கேபிபிஎஸ், மணிக்கு 57.6 எம்பி. வெறும் பேச்சு, மோனோ என்றால் 64 கேபிபிஎஸ்ஸில் பாதி. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அந்த கேபிபிஎஸ் கணக்கு) மாறாத வகையாக இருக்கட்டும். மாறும் வகையில் சில பிளேயர்கள் நிமிடத்தைத் தாண்டிப் போகும்போது இடம் தவறுகின்றன. அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். "அஞ்சு நொடிதானே" என்ற கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. உரிமம் வாங்கிய இசையைப் போட்டு, ரசீதையும் இசை ஃபோல்டரிலேயே வையுங்கள். நாளைக்கு எடிட்டர் மாறினாலும் கேள்வி வந்தால் பதில் இருக்கும்.

கூலியும் கோப்பும்

முடிந்த நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசினால் நன்றாக வெட்டும் எடிட்டர் நஷ்டப்படுவார். 70 நிமிடத்தை 40 ஆக இறுக்கியதற்காகக் கூலி குறைகிறது. மூல நிமிடத்துக்குப் பேசுங்கள், அல்லது எபிசோடுக்கு ஒரு தொகை வைத்து, மூலம் 75 நிமிடத்தைத் தாண்டினால் கூடுதல் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர மூலத்தை ஒருமுறை கேட்கவே ஒரு மணி ஆகிறது. கவனமான வேலைக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், அதை வைத்துத் தொகையைப் பார்த்தால் எது அநியாயம் என்று இருவருக்கும் தெரியும்.

புதிய எடிட்டரை அமர்த்தும் முன் 5 நிமிட மூலத்தைக் கொடுத்துப் பாருங்கள், காசு கொடுத்து. வேண்டுமென்றே கொஞ்சம் கரடுமுரடான பகுதி: ஒரு சிரிப்பு, ஒரு குறுக்குப்பேச்சு, பாதியில் மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம். சொல்லின் வால் பிழைத்திருக்கிறதா, வெட்டிய இடத்தில் அறைச்சத்தம் குதிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். குரல் ரேடியோபோல் கனமாக மாறியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், அது ஒரு பொத்தான்.

மாதம் ஒருமுறை ப்ராஜெக்ட் ஃபைலையும், சுத்தம் செய்த குரல் ட்ராக்குகளையும், இசையைத் தனியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டிய வரி. அவர் ரீப்பர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறார், உங்களிடம் ஆடாசிட்டி என்ற வேறு மென்பொருள்தான் என்றால் ப்ராஜெக்ட் ஃபைல் உங்களிடம் திறக்காது, தனி ட்ராக்குகள் எதிலும் திறக்கும். விருந்தினர் ஆறு மாதம் கழித்து "அந்த ஒரு வரியை எடுத்துடுங்களேன்" என்று கேட்கும்போது, இசையோடு கலந்துபோன எம்பி3-யில் அதை எடுத்தால் பாட்டு துள்ளும்.

பதிவேற்றிய பிறகு ஒரு வேலை மிச்சம். உங்கள் கணினியில் இருக்கும் ஃபைலை விட்டுவிட்டு, ஃபீடில் (கேட்பவர்களின் செயலிக்குப் போகும் பட்டியல்) வந்ததைப் போனில் இறக்கி முதல் நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசி நிமிடம் கேளுங்கள். இரண்டாம் வடிவத்துக்குப் பதில் முதல் வடிவம் ஏறியிருப்பதும், கடைசியில் பத்து நிமிட வெற்று மௌனம் ஒட்டியிருப்பதும் அங்கேதான் தெரியவரும். மாற்றி ஏற்றலாம், ஆனால் அதற்குள் இறக்கிக்கொண்டவர்களின் போனில் பழையதுதான் இருக்கும். அதனால் விடியற்காலையில் வெளியிடுகிறீர்கள் என்றால் அந்த மூன்று நிமிடத்தைக் கேட்க யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். டொராண்டோவில் இருக்கும் எடிட்டருக்கு அப்போது மாலைதான்.